சேவல் கூவியதும் நின்றுபோகிற டிஸ்க்

ஸ்டானிஸ்லாஸ் வீட்டு டிவிடி பிளேயரைச் செய்தவன் எந்த ஊரில் இருக்கிறானோ, அவன் வீட்டுக்கு ஒரு நாள் விருந்தாளியாகப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. அடிக்கப் போகவில்லை. அவன் செய்த ரிமோட்டை அவன் கையிலேயே கொடுத்து, "ஐயா, படத்தை ரெண்டு நிமிஷம் பின்னாடி கொண்டுபோய்க் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன். அது போதும் எனக்கு.

என் பெயர் அத்தாவுல்லா. ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் டிவி, மிக்ஸி, டேப்ரிக்கார்டர் என்று ரிப்பேர் பார்த்தே தலை நரைத்தவன். ஒரு பொருளைத் திறந்து பார்த்தால், அதைச் செய்தவன் என்ன மாதிரி ஆள் என்று எனக்குத் தெரிந்துவிடும். சிலர் நல்லவர்கள். நாளைக்கு இன்னொருவன் இதைக் கழற்ற வேண்டியிருக்குமே என்று யோசித்து ஸ்க்ரூவை வைத்திருப்பார்கள். சிலர் கல்யாணத்துக்குப் பத்திரிகை வராத சொந்தக்காரனைப் போல, ஊரையே பழிவாங்கக் கிளம்பியவர்கள். ஸ்டானியின் பிளேயர் அந்த இரண்டாவது ரகத்தவன் செய்தது.

ஸ்டானி துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவன். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டையையும் இரும்புச் சுருளையும் தூக்கி, ஆட்களின் தலைக்கு மேலே கொண்டுவந்து, கரையில் இறக்குகிற வேலை. அந்த இரைச்சலில் வலது காது போய்விட்டது. அதனால் எல்லாரும் செவிடர்கள் என்று நினைத்துக்கொண்டு கத்தித்தான் பேசுவான். கப்பலில் சரக்கை இறக்கச் சொல்வதற்கு "ஆரியா" என்பார்கள். வீட்டில் டிவி சத்தம் அதிகமானாலும் ஸ்டானி உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டி "ஆரியா, ஆரியா" என்பான். சாம்பாரை ஊற்றும்போது போதும் என்பதற்கும் அதே ஆரியாதான். அவன் மனைவி சிலுவையம்மாளுக்கும் மகள் ஜூடிக்கும் அது பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள்தான் முழிப்பார்கள்.

வின்ச்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. தூக்கிய சரக்கை அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு ஆள் இறங்கக் கூடாது. சாப்பாட்டு மணி அடித்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, தரையில் இறக்கிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். ஸ்டானி ரிட்டயர் ஆகியும் அந்தச் சட்டம் அவனிடமிருந்து ரிட்டயர் ஆகவில்லை. பாதிப் படத்தில் எழுந்திருக்கமாட்டான். ஒருவன் வம்பு பேச ஆரம்பித்துப் பாதியில் பஸ் ஏறினால், இவனும் ஏறி அடுத்த ஸ்டாப் வரை போய் மீதியைக் கேட்டுவிட்டு வருவான். "பொண்ணு பாக்க வந்தாரு, புடிக்கல போல கீது, ஆனா பாதியில எழுந்து போவக்கூடாதுன்னு குந்திக்கினே இருந்தாரு, எங்கப்பா தேதி குறிச்சிட்டாரு" என்பாள் சிலுவையம்மாள். ஸ்டானி மறுக்கமாட்டான், சிரிப்பான்.

அவர்கள் கோயிலில் முன்பெல்லாம் தவக்காலத்தில் பாஸ்கா போடுவார்கள். ஏசு பிடிபட்டதையும், பாடுபட்டதையும், உயிர்த்ததையும் மேடையில் நடிக்கிற நாடகம். ஸ்டானி நல்ல உயரம், அதனால் ஒவ்வொரு முறையும் அவனுக்கு ரோமப் படைவீரன் வேஷம். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு படுதாவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், வசனம் கிடையாது. அவனுடைய அண்ணன் இஞ்ஞாசிக்குத்தான் பெரிய வேஷம், இராயப்பர். மற்றவர்கள் பேதுரு என்பார்களே, அவர். எங்கள் ஊர்ப்பெயரே அவரிடமிருந்து வந்தது என்பார்கள்.

பிலாத்துவிலிருந்து வேலைக்காரி வரை எல்லாரும் செந்தமிழில் பேசுகிற நாடகத்தில், இஞ்ஞாசி அண்ணன் மட்டும் ஒரு வருஷம் நம்மூர்த் தமிழில் இறங்கிவிட்டார். சேவல் கூவுவதற்குள் என்னைத் தெரியாது என்று மூன்று முறை சொல்வாய் என்று ஏசு தன் சீடர் இராயப்பரிடம் முன்பே சொல்லியிருந்தார். ஏசுவைப் பிடித்துக்கொண்டு போயாயிற்று. இராயப்பர் முற்றத்தில் நெருப்புக் காய்கிறார். வேலைக்காரி வந்து, "நீரும் அந்த மனிதரோடு இருந்தவர்தானே?" என்கிறாள். இஞ்ஞாசி அண்ணன் முண்டாசை இழுத்துவிட்டு, "இன்னாமே சொல்ற? அந்தாளு யாரு இன்னான்னே எனக்குத் தெரியாது. குளுருதேன்னு நெருப்பாண்ட குந்திக்கினு கீறேன், அது ஒரு குத்தமா?" என்றார். மைதானமே சிரித்தது. இரண்டாவது முறை மறுத்தபோது சிரிப்பு குறைந்தது. மூன்றாவது முறை, "கஸ்மாலம், தெரியாதுன்னா வுட மாட்டியா?" என்று கத்தியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. சேவல் கூவியது. அதற்குப் பிறகு அண்ணன் செய்ததைப் பார்த்து ஊரே அழுததாகச் சொல்வார்கள். நான் அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டில் மைக்செட் ரிப்பேரில் மாட்டிக்கொண்டேன். அந்தக் காட்சியில் ஸ்டானி படுதாவுக்குப் பின்னால் ஈட்டியோடு நின்றதால் அவனும் பார்க்கவில்லை. அதை யாரோ வீடியோ எடுத்து டிவிடி போட்டுக் கொடுத்தார்கள். ஸ்டானி வீட்டில் இருப்பது அதில் ஒன்று. மற்றவை எல்லாம் வெள்ளத்திலும் வீடு மாற்றியதிலும் போய்விட்டன.

இந்த வருஷம் புதிதாக வந்த பங்குத்தந்தை மறுபடியும் பாஸ்கா போடலாம் என்றார். நடத்துகிற பொறுப்பு ஃப்ளோரன்ஸ் டீச்சருக்கு. இராயப்பர் யார் என்று டீச்சர் கேட்டபோது ஸ்டானி எழுந்து நின்றிருக்கிறான். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாராம். "இஞ்ஞாசி பண்ணின மாதிரி முழுசா வரணும். குருத்து ஞாயிறுக்குள்ள நடிச்சிக் காட்டுங்க. இல்லன்னா அபின் பண்ணட்டும்" என்றார். குருத்து ஞாயிறு என்பது ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு. அபின் ஒரு பாங்கில் வேலை செய்கிற பையன், நல்ல குரல்.

ஸ்டானிக்கு ஏன் இந்த வீம்பு என்று ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டை நடுவே சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள். தண்ணீர் மோட்டார் விஷயமாகச் சண்டை வந்து பேச்சு நின்றது. பெரிய சண்டை இல்லை, ஆனால் யார் முதலில் பேசுவது என்கிற இடத்தில் வருஷங்கள் ஓடிவிட்டன. பிறகு கொரோனா வந்தது. இஞ்ஞாசி அண்ணனுக்குக் காய்ச்சல், பாசிட்டிவ். யார் யார் போக வர இருந்தார்களோ அவர்கள் வீட்டிலும் தகரம் அடிப்பார்கள், முகாமுக்குக் கொண்டுபோவார்கள் என்று தெருவெல்லாம் பயம். சிலுவையம்மாளுக்கு வீசிங் உண்டு, அந்த வாரம் மூச்சு விடவே திணறிக்கொண்டிருந்தாள். கணக்கெடுக்க வந்தவர்கள் ஸ்டானியின் வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்காரர் சொந்தமா என்று கேட்டார்கள். ஸ்டானி சொன்னான்: "அந்தாளு யாரு இன்னான்னே எனக்குத் தெரியாது."

அண்ணன் மேடையில் சொன்ன அதே வார்த்தை. யோசித்துச் சொன்னதில்லை, பயத்தில் வாயில் வந்தது அதுதான். அவன் குரல் மெல்லிய குரலும் இல்லை. சொல்லிவிட்டுத் திரும்பினால், பக்கத்து ஜன்னலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அன்று சாயங்காலம் ஆம்புலன்ஸ் வந்தது. அண்ணன் திரும்பி வரவில்லை. அடக்கத்துக்கும் யாரையும் விடவில்லை. அண்ணி ஞானசெல்வி தன் பங்கை வாடகைக்கு விட்டுவிட்டுத் திருவொற்றியூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஸ்டானி ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. எந்த மூஞ்சியோடு போவது என்பான்.

"எங்கண்ணன் பேசின வசனத்த இன்னொருத்தன் பேசக்கூடாது பாய். தெரியாதுன்னு சொன்னவன் நானு. நான்தான் பேசி அழணும்" என்றான் என்னிடம், கடையில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு. நான் கையிலிருந்த சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டேன்.

இந்த இடத்தில்தான் அந்தப் பிளேயர் உள்ளே நுழைகிறது.

தள்ளுபடியில் வாங்கியது, பெயர் ஊர் தெரியாத கம்பெனி. முன்பக்கம் ஒரே ஒரு பட்டன். அதைத் தொட்டால் தட்டு வெளியே வரும், கொஞ்சம் அழுத்தித் தொட்டால் பிளேயரே அணைந்துவிடும். எவ்வளவு அழுத்தினால் கொஞ்சம் என்பது அதன் இஷ்டம். மற்றதெல்லாம் ரிமோட்டில். கறுப்பு ரிமோட், கறுப்புப் பட்டன், அதன்மேல் கறுப்பிலேயே எழுத்து. படத்தை நிறுத்துகிற பட்டனுக்கும் தட்டைத் திறக்கிற பட்டனுக்கும் நடுவே ஒரு நெத்திலி படுக்கக்கூட இடமில்லை.

இந்த வருஷம் எங்கள் நோன்பும் அவர்கள் தவக்காலமும் ஒன்றாக வந்தன. நான் நோன்பில் இருக்கிறேன், கோபப்படக் கூடாது, யாரையும் திட்டக் கூடாது. ஸ்டானி கறியையும் மத்தியானச் சாப்பாட்டையும் விட்டதோடு, இந்தத் தவக்காலத்துக்குக் கெட்ட வார்த்தையையும் விடுவதாக நேர்ந்துகொண்டிருந்தான். துறைமுகத்துக்காரனுக்கு அது சோற்றில் உப்பை விடுவதைவிடக் கஷ்டம். இப்படிப்பட்ட இரண்டு பேரை வெறும் வயிற்றோடு அந்தப் பெட்டியின் முன்னால் சாயங்காலந்தோறும் உட்காரவைத்தது யார் செய்த வேலையோ, நான் சைத்தானைத்தான் சந்தேகப்படுகிறேன்.

டிஸ்க்கைப் போட்டால் முதலில் ரோஜாப்பூ வரும். பிறகு புறா பறக்கும். பிறகு வீடியோ எடுத்தவரின் பெயர் சுழன்று சுழன்று வரும், அதைத் தாண்ட முடியாது. தாண்டுகிற பட்டனை அழுத்தினால் திரையில் ஒரு கை வந்து கூடாது என்று காட்டும். அதன் பிறகு நாடகம். இராயப்பர் நெருப்புக் காய்கிற இடம் வருவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிடும். மூன்றாவது மறுப்பு, சேவல், இஞ்ஞாசி அண்ணன் மெல்ல முகத்தைத் தூக்குவார். அப்படியே நின்றுவிடும். முகம் சதுரம் சதுரமாக உடைந்து, திரை நீலமாகும். நல்ல பிளேயராக இருந்தால் கீறல் விழுந்த இடத்தைத் தாண்டி அப்பால் போகும். இது, ஒன்றுமே நடக்காதது போல, ரோஜாப்பூவுக்குப் போய்விடும்.

"இன்னா பாய், பின்னாடி போன்னாலும் மொதலுக்குப் போவுது, முன்னாடி போன்னாலும் மொதலுக்குப் போவுது?"

"அதுக்கு அந்த ஒரு எடம்தான் தெரியும் ஸ்டானி."

"ரவ தூரம் போறதுக்கு பட்டனே கெடையாதா?"

"கீது. ஓடுற பட்டன். அழுத்திப் பாரு."

அழுத்தினான். முதலில் இரண்டு மடங்கு வேகம், அடுத்து எட்டு, அதற்கு அடுத்தது நேராக முப்பத்திரண்டு. எட்டில் போனால் சேவலிடம் சிக்கிக்கொண்டது. முப்பத்திரண்டில் போனால் சிலுவை, கல்லறை எல்லாம் ஒரே பாய்ச்சலில் கடந்து, உயிர்த்த ஏசு கையை விரித்து நிற்கிற இடத்தில் போய் நின்றது. அங்கிருந்து பின்னால் வர அழுத்தினால் ரோஜாப்பூ.

ஸ்டானியின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் ஒரு வார்த்தைக்காகத் திறந்தது. நேர்ச்சை ஞாபகம் வந்து, "டேய்... கெளுத்தி! சுதும்பு! அழுவின காரப்பொடி!" என்று காசிமேட்டில் அன்று வந்த மீனையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்தான். நான் என் பங்குக்கு இறைவனிடம் மன்னிப்புக் கேட்டு "அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று முணுமுணுத்தேன். சொன்ன தொனியைக் கணக்கெழுதுகிற மலக்குகள் குறித்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

சிலுவையம்மாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் பட்டினியா அது மூஞ்சியப் பாத்துக்கினு குந்திக்கினு கீறீங்களே. அத்த தூக்கி ஊறுகா ஜாடி மேல வெச்சாக்கூட வெயிட்டுக்கு ஒதவும்."

ஜூடி மூன்றாம் நாளே புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தாள். டிவிக்கு முன்னால் ஃபோனைப் பிடித்து, வசனத்தைப் படம் எடுத்துக் கொடுத்தாள். இதை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை. இயந்திரம் மக்கர் செய்தால் அதோடு மல்லுக்கட்டித்தான் பழக்கம், சுற்றிக்கொண்டு போவது எங்களுக்குத் தெரியாது. ஃபோனை வைத்துக்கொண்டு இரண்டே நாளில் ஸ்டானி மூன்று மறுப்பையும் அண்ணன் குரலிலேயே பேசக் கற்றுக்கொண்டான். ஆனால் சேவலுக்குப் பிறகு என்ன என்பது ஃபோனிலும் இல்லை. டிஸ்க் காட்டாததை ஃபோன் எங்கே காட்டும்?

பார்த்தவர்களைக் கேட்டோம். இராயப்பர் தரையில் விழுந்து புரண்டார் என்றார் ஒருவர். இல்லை, முண்டாசால் முகத்தை மூடிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார் என்றார் இன்னொருவர். டீச்சரே அப்போது கண் கலங்கி எதுவும் தெரியவில்லை என்றார். சரியாகச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான், முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்த ஞானசெல்வி. திருவொற்றியூர் என்ன சீமையா, ரயில் ஏறினால் நாலாவது ஸ்டேஷனோ என்னவோ. "ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வந்துடேன்" என்றேன். ஸ்டானி ரிமோட்டைத் தட்டிக்கொண்டே இருந்தான். அண்ணியிடம் போவதைவிட அந்தப் பெட்டியோடு அழுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

அதனால் தினமும் மறுபடி ரோஜாப்பூ. இன்றைக்காவது தாண்டும் என்று ஒரு நம்பிக்கை. தாண்டாது. விட்டுவிட்டு எழுந்திருக்கலாம் என்றால் அவன் சட்டம் விடாது. "அண்ணன் மூஞ்ச அந்தரத்துல தொங்க வுட்டுட்டு எப்டி பாய் எழுந்துக்கறது?" என்பான்.

டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டுபோனேன். என்னிடம் கிடந்த மற்ற பிளேயர்களில் போட்டுப் பார்த்தேன். மூன்று போட்டேன், மூன்றும் டிஸ்க்கே இல்லை என்றன. உலகத்திலேயே மோசமான பிளேயர்தான் அந்த டிஸ்க்கைப் படிக்கிறது, அதை என்னவென்று சொல்ல. லென்ஸைப் பஞ்சால் துடைத்தேன். டிஸ்க்கில் பற்பசை தடவி, உள்ளிருந்து வெளியே தேய்த்துக் கீறலை ஆற்றினேன். எங்கள் தொழிலில் அது ஒரு வைத்தியம், பல தடவை பலித்திருக்கிறது. "நாளைக்குப் போட்டுப் பாக்கலாம், அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் போனால் டிஸ்க் பளபளவென்று மின்னியது. தேங்காய் எண்ணெய். எங்கள் பக்கத்தில் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. கதவுக் கீல், சைக்கிள் செயின், தையல் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டுத்தான் வைப்போம். டிஸ்க்கும் சுழலுகிற பொருள்தானே, எண்ணெய் போட்டால் சிக்காமல் சுழலும் என்று ஸ்டானி நினைத்திருக்கிறான். நினைத்ததோடு நிற்காமல், தட்டு தடையில்லாமல் வந்து போகட்டும் என்று பிளேயரின் வாயிலும் ஊற்றியிருக்கிறான்.

தட்டு உள்ளே போயிற்று. ரோஜாப்பூகூட வரவில்லை. திறக்கும் பட்டனை அழுத்தினேன். உள்ளே ஏதோ வழுக்குகிற சத்தம் கேட்டது, தட்டு வரவில்லை. ஸ்டானி உள்ளங்கையைக் காட்டி, "வா, வா, மெல்ல வா" என்று வின்ச்சுக்குச் சொல்வது போலச் சொன்னான். வரவில்லை.

நான் திட்டியிருப்பேன். நோன்பு என்பதற்காக இல்லை, அவன் முகத்தைப் பார்த்துத்தான் சும்மா இருந்தேன். அவன் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "நானே அடச்சிட்டேன் பாய். எங்கண்ணன் மூஞ்ச நானே உள்ள வெச்சி அடச்சிட்டேன்." அறுபது தாண்டிய ஆள், குலுங்கிக் குலுங்கி அழுதான். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள், நோன்பு திறக்கிற நேரம். என் மனைவி சபீஹா கொடுத்தனுப்பியிருந்த நோன்புக் கஞ்சியை இரண்டு டம்ளரில் ஊற்றினேன். என் வாயில் பேரீச்சம்பழம், அவன் கையில் கஞ்சி, எதிரே அந்தப் பாழாய்ப்போன பெட்டி. எங்கள் வேதத்தில் ஈசா நபி என்று வருகிற ஏசுவின் கதை வேறு மாதிரி. ஆனால் நெருங்கின ஒருவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டு ஒரு மனுஷன் அழுவது எனக்குப் புரியாமல் இல்லை.

குருத்து ஞாயிறன்று டீச்சர் முன்னால் நடித்துக் காட்டினான். சேவல் வரைக்கும். டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம்?" என்றார்.

"அப்பால பாத்துக்கலாம் டீச்சர். டிஸ்கு அதுக்கு மேல காட்டல."

"மேடையில நின்னுட்டீங்கன்னா சேவலுக்கு அடுத்து நான்தான் கூவணும்" என்றார் டீச்சர். ஆனால் வேஷத்தை அபினுக்குக் கொடுக்கவில்லை. கஸ்மாலம் என்று சொன்னால் நேர்ச்சை முறியுமா என்று ஸ்டானி பங்குத்தந்தையிடம் கேட்டதற்கு, அது இராயப்பர் கணக்கில் போகும், உன் கணக்கில் வராது என்று அவர் சொல்லிவிட்டார்.

புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளி மைதானத்தில் பாஸ்கா. எங்கள் பெருநாள் அதற்குள் முடிந்திருந்தது, நானும் சபீஹாவும் போயிருந்தோம். முன்வரிசையில் சிலுவையம்மாளுக்குப் பக்கத்தில் ஞானசெல்வி உட்கார்ந்திருந்தார். சிலுவையம்மாள் யாரிடமும் சொல்லாமல் திருவொற்றியூர் போய்க் கூட்டி வந்திருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் பெட்டியோடு மல்லுக்கட்டியபோது, ரயிலேற வேண்டும் என்று தோன்றியது அவளுக்குத்தான்.

நெருப்புக்குப் பதில் சிவப்பு பல்பு. ஸ்டானி முண்டாசோடு குந்தியிருந்தான். சட்டையில் சின்ன மைக். வேலைக்காரி கேட்டாள். "இன்னாமே சொல்ற? அந்தாளு யாரு இன்னான்னே எனக்குத் தெரியாது." கூட்டம் சிரித்தது. எனக்குப் பின்னால் யாரோ, "இஞ்ஞாசியே வந்தாப்ல கீது" என்றார்கள். ஞானசெல்வி சிரிக்கவில்லை. இரண்டாவது முறை. மூன்றாவது முறை. சேவல் சத்தம் ஸ்பீக்கரில் கரகரவென்று வந்தது.

ஸ்டானி முகத்தைத் தூக்கினான். நின்றுவிட்டான்.

சதுரம் சதுரமாக உடையவில்லை, அவ்வளவுதான். மற்றபடி அதே முகம், அதே இடம். படுதா ஓரத்தில் டீச்சர் கையை ஆட்டுகிறார். ரோஜாப்பூவுக்குப் போய்விடாதே ஸ்டானி என்று மனசுக்குள் கெஞ்சினேன். அப்போதுதான் அவன் முன்வரிசையைப் பார்த்தான். மேடையிலிருந்து குதித்தான், அந்த வயதில். நேராக ஞானசெல்வி முன்னால் வந்து நின்றான்.

"தெரியும் அண்ணி" என்றான். மைக் அதை மைதானம் முழுக்கக் கொண்டுபோனது. "அவர எனக்குத் தெரியும். என் கூடப் பொறந்தவரு. எங்கண்ணன். பயத்துல தெரியாதுன்ட்டேன்."

கூட்டத்தில் பாதிப் பேர் அதை நாடகம் என்றே நினைத்தார்கள். ஞானசெல்வி எழுந்து அவன் முண்டாசைப் பிடித்து அவிழ்த்து, அதாலேயே அவன் முகத்தைத் துடைத்தார். அவர் பேசியதும் மைக்கில் கேட்டது.

"ஜன்னலாண்டதான் நின்னுக்கினு இருந்தாரு தம்பி. கேட்டுட்டு என்னாண்ட வந்து சிரிச்சாரு. 'என் வசனத்த நம்ம பயலும் நல்லாத்தான்டி பேசறான்'னாரு. சிலுவைய முகாமுக்கு இட்டுக்கினு போயிருந்தா தாங்கமாட்டா, நல்லதாப் போச்சுன்னாரு. நீ வருவ, சொல்லலாம்னு இத்தினி வருஷமா குந்திக்கினு கீறேன். நீ வரவேயில்லையே."

ஸ்டானி வாய்விட்டு அழுதான். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம். டீச்சர் படுதாவை இழுக்கச் சொன்னார்.

நாடகம் முடிந்து டீ குடிக்கும்போது ஸ்டானி அண்ணியிடம் கேட்டுவிட்டான். அன்றைக்குச் சேவல் கூவின பிறகு அண்ணன் என்னதான் செய்தார் என்று. ஞானசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணும் பண்ல. வசனத்த மறந்துட்டு மரமாட்டம் நின்னாரு. பயத்துல கண்ணுல தண்ணி வந்துச்சு. ஊரே நடிப்புன்னு நெனச்சி அழுதுது." ஸ்டானி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் நோன்பு காலம் பூரா எதைத் தேடினோம் என்று நினைத்து எனக்கு டீ புரையேறியது.

ஈஸ்டருக்கு மறுநாள் ஸ்டானி கடைக்கு வந்தான், சிலுவையம்மாள் செய்த பிரியாணியோடு. அந்தப் பிளேயர் என் மேஜைமேல்தான் கிடந்தது, எண்ணெய் கசிந்தபடி, டிஸ்க் இன்னும் வயிற்றுக்குள்ளேயே. "ஸ்க்ரூவக் கழட்டி எடுத்துடறேன், துடைச்சி இன்னொரு தபா போட்டுப் பாக்கலாமா?" என்றேன்.

"டிஸ்க எடுத்துக் குடு பாய், அண்ணி கேட்டாங்க. போட்டுப் பாக்கறதெல்லாம் வாணாம்." உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்கிக் காட்டினான். "சரக்கு எறங்கிடுச்சு."

வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். பிளேயரின் முன்னால் நிமிர்ந்து நின்றான். தவக்காலம் முடிந்துவிட்டது என்று அதற்கு முறையாக அறிவித்துவிட்டு, நாற்பது நாளாகச் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் அதனிடம் சொன்னான். அவற்றில் மீன் ஒன்றுகூட இல்லை. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கும் நோன்பு முடிந்திருந்ததால், அவன் மூச்சு வாங்கிய இடத்தில் நான் தொடர்ந்தேன்.